'உம்' கொட்டும் வகுப்பறை

கதை சொல்ல உட்காரும் பாட்டி முதலில் போடும் நிபந்தனை, 'உம்' கொட்ட வேண்டும் என்பதுதான். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்பவருக்கும் கதையில் வேலை உண்டு என்று குழந்தை அங்கேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் பேசவும் கேட்கவும் பழக்கும் நல்ல ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிபந்தனைதான் நினைவுக்கு வரும். பிள்ளைகளை 'உம்' கொட்டச் சொல்வதற்கு முன்பே அந்த ஆசிரியர்கள் தாங்களே கொட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கலையின் உயிர் ஆசிரியரின் காதில் இருக்கிறது என்பது என் துணிபு.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற வரிசை எல்லா ஆசிரியருக்கும் மனப்பாடம். ஆனால் தேர்வும் நோட்டும் சிவப்பு மையும் பின்னிரண்டுக்குத்தான். முன்னிரண்டில் ஓர் ஆசிரியர் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கு எந்த ஏட்டிலும் தடயம் இருக்காது. பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளி. இரண்டாம் வகுப்பு, திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எங்க ஆடு குட்டி போட்டுருக்கு."

"எத்தனை குட்டி?" என்று கேட்டிருந்தால் "ரெண்டு" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். டீச்சர், "அப்படியாய்யா! நீ பக்கத்துல இருந்தியா? என்ன நடந்துச்சு?" என்றார். பையன் பேசவில்லை. மற்ற பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்து உள்ளங்கையை லேசாகத் தாழ்த்தினார்; கண்ணைப் பையனிடமிருந்து எடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"ராத்திரி… ஆச்சி லைட்டு புடிச்சா. மொத ஒண்ணு வந்துச்சு. பெறவு இன்னொண்ணு. அது எந்திரிக்கல. ஆச்சி மூக்குல ஊதுனா."

"உம்?"

"எந்திரிச்சிருச்சி!"

அந்தக் காத்திருப்பின் அருமை சங்கீதம் கேட்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பாடகர் எங்கே நிறுத்தினார் என்பதற்கும் தலையாட்டுகிறவர்கள் அல்லவா அவர்கள்! மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக 1 நொடிதான். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். 3 நொடி கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். முப்பது பிள்ளைகள் நெளியும் வகுப்பில் அதைச் சும்மா கடந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

டீச்சர் அடுத்துச் செய்ததுதான் இன்னும் நுட்பம். "ரெண்டாவது குட்டி எழுந்திருக்கலைன்னதும் ஆச்சி அதோட மூக்குல ஊதியிருக்காங்க, உடனே அது எழுந்து நின்னுருச்சு, அப்படித்தானே?" என்று பையன் சொன்ன துண்டுகளைக் கோத்து ஒரே வாக்கியமாக்கி அவனிடமே திருப்பிக் கொடுத்தார். 'எந்திரிச்சிருச்சி' தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'புடிச்சா'வைப் 'பிடித்தார்' ஆக்கவில்லை. கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் அந்தப் பக்கம்தான். கரிசல் பேச்சுக்கென்று அகராதியே தொகுத்தவர் அவர். அந்த மண்ணில் பிறந்த பிள்ளையின் பேச்சை முதல் வாக்கியத்திலேயே வெட்டினால், பிள்ளை மொழியைத் திருத்திக்கொள்ளாது, வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு வரும் பிள்ளைகளும் அந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்கு இப்படிக் கோத்துக் கொடுப்பது இரட்டிப்பு உதவி.

பிறகு ஒரு சிறுமியிடம் திரும்பினார். கவனித்தாளா என்று சோதிக்க, "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்பதே வழக்கம். இவர் கேட்டது வேறு: "தாயி, அவங்கிட்ட இன்னும் ஒண்ணு கேக்கலாம்னா நீ என்ன கேப்ப?" அவள் கொஞ்சம் யோசித்து, "ஆச்சி ஊதும்போது தாயாடு என்ன செஞ்சிச்சு?" என்றாள். முழுவதையும் கேட்டு, அந்த இடத்தை மனத்தில் பார்த்தவளுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். கேட்டல் திறனுக்கு இதைவிட நல்ல தேர்வை நான் கண்டதில்லை.

காதைத் தீட்ட விளையாட்டுகளும் நிறைய. "காக்கா பற, குருவி பற" என்று சொல்லச் சொல்லக் கையை உயர்த்தும் பிள்ளைகள், "எருமை பற" என்றதும் உயர்த்தாமல் இருக்க வேண்டும். முதுகோடு முதுகாக இருவர் உட்கார, ஒருவர் தன் கையில் உள்ள படத்தை விவரிக்க, மற்றவர் கேட்டு வரைவது இன்னொன்று. ல, ள, ழ பழக்கும்போது நாக்கின் வேலையைக் காட்டும் ஆசிரியர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொடும்; 'ள'வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும்; 'ழ'வுக்கு வளையும், ஆனால் தொடாது. 'பல்லி', 'பள்ளி' என்று மாற்றி மாற்றிச் சொல்லி எது எதுவென்று கண்டுபிடிக்கச் சொன்னால் வகுப்பே கூர்மையாகிவிடும். முதலில் காது பிரித்தறிந்துவிட்டால் நாக்கு தானே பின்னால் வரும். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் அரசுப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் அன்றாடப் பாடமாக்கியது. கைப்பொம்மையோடு பேசும் சாக்கில் வாய் திறக்கும் கூச்சக்காரப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அதன் மதிப்பை அறிவார்கள்.

பேச்சுப் போட்டியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்ததை இம்மி பிசகாமல், கையசைவோடு ஒப்பிக்கும் பிள்ளையின் நினைவாற்றலும் துணிச்சலும் மெச்சத்தக்கவை. ஆனால் அதைப் பேச்சுத் திறன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வார்த்தை மறந்தால் அந்தப் பிள்ளை மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்குகிறது. பேசுவது என்றால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அடுத்த வாக்கியத்தை அமைப்பது. அதற்கு மனப்பாடம் உதவாது.

அதே பள்ளியின் ஐந்தாம் வகுப்பு, காலை உணவு சமைக்கும் அக்காவைப் பேட்டி எடுத்தது. கேள்விகளை முந்தின நாளே தாளில் எழுதி வைத்திருந்தார்கள். "எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?" என்பது முதல் கேள்வி. "நாலு மணிக்கு" என்றார் அக்கா. தாளில் அடுத்து இருந்தது, 'உங்களுக்குப் பிடித்த உணவு எது?' கேள்வி கேட்ட பெண் தாளை மடியில் வைத்துவிட்டு, "அப்ப உங்க வீட்டுல காலையில யாருக்கா சமைப்பா?" என்றாள். "எங்க வீட்டுக்காரர்தான். உப்புமா மட்டும் வரும்" என்று அக்கா சிரிக்க, வகுப்பில் நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அதன்பின் கேட்டவற்றில் ஒன்றுகூடத் தாளில் இருந்ததில்லை.