பெயரற்ற செவிலியும் வரலாற்று நாவலும்

வரலாற்று நாவல் கடந்த காலத்தைப் பற்றிய கதை மட்டுமன்று. கடந்த காலத்திலே எவருடைய வாழ்வு வரலாறு எனக் கொள்ளத்தக்கது என்ற தீர்ப்பும் அதனுள் அடங்கியிருக்கும். போர், பஞ்சம், ஆட்சிமாற்றம் முதலிய இன்னற்காலங்களைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்களிற் பெண்கள் இடம்பெறாமலில்லை. ஆயின், பெரும்பாலும் அவர்கள் இன்னலுக்குக் காரணமாக வருகின்றனர். அல்லது இன்னலின் சின்னமாக நிற்கின்றனர். இன்னலினூடே உண்டு, உழைத்து, பிறரையும் காத்து, அதனைக் கடந்தவர்களாக அவர்கள் சித்திரிக்கப்படுவது அரிது. இக்குறைபாட்டின் வேரினைத் தமிழ் வரலாற்று நாவலின் தொடக்கத்திலேயே காணலாம்.

திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895ஆம் ஆண்டு வெளிவந்த ‘மோகனாங்கி’ தமிழின் முதலாவது வரலாற்று நாவலாகக் கருதப்படுவது. மதுரை நாயக்க மன்னனாகிய சொக்கநாதனுக்கும் தஞ்சை இளவரசி மோகனாங்கிக்கும் இடையிலான காதலே அதன் பொருள். இந்நூலாசிரியர் பெண்களின் நிலை குறித்து அக்கறையற்றவரல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே ‘தத்தைவிடு தூது’ என்னும் சிறு பிரபந்தத்திற் பெண் விடுதலையைப் பொருளாக்கியவர் அவர். மரபுவழிப்பட்ட தூது வடிவத்தினுள் ஒரு பெண்ணின் முறையீட்டைப் புகுத்திய அத்துணிவு அக்காலத்திற் பெரிதும் போற்றத்தக்கது. அவ்வாறிருந்தும், அவர் தம் நாவலுக்குத் தெரிந்தெடுத்த வரலாற்று நிகழ்ச்சியின் மிகக் கொடிய பகுதி பெண்களின் வாழ்வையே பற்றியதென்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

தஞ்சை மன்னன் விசயராகவ நாயக்கன் தன் மகளைச் சொக்கநாதனுக்கு மணஞ்செய்து கொடுக்க மறுத்தமையால் 1673ஆம் ஆண்டளவில் தஞ்சை முற்றுகையிடப்பட்டது. தோல்வி உறுதியான நிலையில், அந்தப்புரத்துப் பெண்கள் பகைவர் கையிற் சிக்காதிருக்கும் பொருட்டு வெடிமருந்தினால் அழிக்கப்பட்டனர் என்றும், மன்னன் போர்க்களத்தில் வீழ்ந்தான் என்றும் வரலாற்று நூல்கள் கூறும். அந்த அழிவிலிருந்து தப்பியது செங்கமலதாசன் என்னும் குழந்தை. அதனை ஒரு செவிலி எடுத்துக்கொண்டு நாகபட்டினம் சென்றாள் என்பதும், அங்கு ஒரு வணிகர் வீட்டில் அது வளர்ந்தது என்பதும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியாகும். அக்குழந்தையின் பெயர் நிலைத்தது. செவிலியின் பெயரோ நிலைக்கவில்லை.

மோகனாங்கி போருக்குக் காரணமாக வரலாற்றில் இடம்பெற்றாள்; நாவலிலே காதலுக்குத் தலைவியானாள். வெடிமருந்துக்கு இரையான பெண்கள் மான உணர்ச்சியின் சின்னமாயினர். எரியும் அரண்மனையினின்றும் ஒரு குழந்தையுடன் வெளியேறி, வழியெங்கும் அதற்குப் பால் தேடி, தன் அடையாளத்தையும் அதன் அடையாளத்தையும் மறைத்து வாழ்ந்த பெண்ணைப் பற்றி வரலாறு ஒரு வாக்கியத்துடன் அமைகிறது. நாவலாசிரியனுக்குரிய இடம் அவ்வாக்கியம் முடியும் இடமே.

ஜோர்ஜ் லூக்காக்ஸ் 1937ஆம் ஆண்டு எழுதிய ‘வரலாற்று நாவல்’ என்னும் நூலில் இதனையொத்த ஒரு கருத்தை விளக்குகிறார். வோல்ற்றர் ஸ்கொட்டின் நாவல்களிலே மன்னரும் தளபதிகளும் ஓரங்களில் நிற்க, சாதாரண மாந்தரே நடுவிடத்தைப் பெறுகின்றனர் என்றும், சமூக மோதலின் முழுமை அத்தகையோர் வாழ்வினூடாகவே புலப்படும் என்றும் அவர் வாதிடுவார். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்துத் தமிழ் வரலாற்று நாவல் நெடுங்காலம் எதிர்த்திசையிலே சென்றதெனலாம். அரண்மனை நடுவிலும் செவிலி ஓரத்திலும் நிற்கும் அமைப்பே அதன் வழமையாயிற்று.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ இதற்குத் தக்க உதாரணமாகும். 1940களில் தொடராக வெளிவந்த அந்நாவல், சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டு செல்லப்பட்ட ஓர் ஆடல் நங்கையின் துயரத்தை மையமாகக் கொண்டது. நாற்சந்தியில் ஆடும்படி அவள் வற்புறுத்தப்படும் நிலையைக் கல்கி உருக்கமாகவே சித்திரிக்கிறார். ஆயினும் அவள் சபதம் மூன்றாம் பாகத்தில் நிகழ, நான்காம் பாகம் ஒன்பது ஆண்டுகள் கழித்தே தொடங்குகிறது. அந்த ஒன்பது ஆண்டுகளில் மன்னன் படை திரட்டினான் என்பதை வாசகர் அறிவர். அந்நிய நகரத்திலே சிவகாமியின் ஒவ்வொரு நாளும் எவ்வாறு விடிந்து எவ்வாறு கழிந்தது என்பது இரு பாகங்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்துக்குள் வீழ்ந்துவிடுகிறது. சபதம் ஒரு கணம். அதனைத் தாங்கி வாழ்தல் ஒன்பது ஆண்டு. நாவல் கணத்தைத் தெரிந்துகொண்டது.

சான்றுகள் இல்லாதவிடத்து எழுத்தாளர் என்ன செய்வர் என்ற வினா இங்கு எழலாம். கல்வெட்டும் செப்பேடும் கொடையளித்த அரசியரைப் பேசும். குழந்தை தூக்கிய செவிலியரைப் பேசா. இது உண்மையே. எனினும் சான்று என்பது அரசவைச் சான்று மட்டுமன்று. மட்டக்களப்புப் பிரதேசத்தையே எடுத்துக்கொள்ளலாம். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டு பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, உலகநாச்சி என்னும் அரசிளங்குமரி மண்முனையைப் பெற்றுக் குடியேற்றி ஆண்டாளெனக் கூறும். அவளுடன் வந்து காடு வெட்டி வயலாக்கிய பெண்களைப் பற்றி அந்நூல் பேசவில்லை. ஆயின், தாய்வழிவரும் குடிமுறையும், வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகச் செல்லும் வழமையும், மணமகன் பெண்வீட்டில் வந்து வாழும் வழக்கமும் இப்பிரதேசத்தில் இன்றும் அழிந்துவிடவில்லை. ஆண்கள் இழக்கப்பட்ட வீடுகளிலே பெண்கள் எவ்வாறு நிலைத்து நின்றனர் என்பதை விளங்கிக்கொள்ள இவ்வழமைகளே முதற்சான்றாகும். ஒப்பாரியும் தாலாட்டும் நாட்டார் பாடல்களும் இவற்றோடு சேர்த்துக் கற்கத்தக்கவை.

இவ்வினா வந்தாறுமூலைக்கு வெறும் இலக்கிய வினாவன்று. 1990ஆம் ஆண்டு கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாயிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இங்கிருந்து படையினரால் கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. 1994ஆம் ஆண்டு நியமிக்கப்பட்ட சனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முன் இது பற்றிய சாட்சியங்கள் அளிக்கப்பட்டன. விரிவுரை மண்டபங்களின் தரையிலே பாய் விரித்திருந்த தாய்மாரும் மனைவியரும் அதன்பின் வாழ்ந்த ஆண்டுகள் முப்பதைக் கடந்துவிட்டன. அவை இப்போது வரலாறாகிவிட்டன. ஆகவே வரலாற்று நாவலுக்குரிய பொருளாகவும் ஆகிவிட்டன.

அதனை எழுத முனைவோரை ஒரு சோதனை எதிர்நோக்குகிறது. வைகாசிச் சடங்கிற் கண்ணகி வழக்குரை பாடப்படும் மண் இது. நீதி கேட்டு நின்ற ஒவ்வொரு தாயையும் கண்ணகியாக்கிவிடுதல் எளிது, வாசகரும் உணர்ச்சிவசப்படுவர். ஆயின் இவ்வுவமை பொருந்தாது. கண்ணகி ஒரே நாளில் அரசவை புகுந்தாள், வழக்குரைத்தாள், தீர்ப்புப் பெற்றாள். இத்தாய்மாரோ முகாம் தோறும், அலுவலகம் தோறும், ஆணைக்குழு தோறும் அதே மனுவை ஆண்டுக்கணக்காகக் கொடுத்தனர். எவர்க்கும் எந்த மன்னனும் தன் பிழையை ஒப்புக்கொள்ளவில்லை. தெய்வம் ஏறியவரிடம் மகன் உயிருடன் உளனா என வாக்குக் கேட்டோரும் பலர். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் மட்டக்களப்பு அம்மன் கோயில்களை ஆராய்ந்து இதனைப் பதிவுசெய்துள்ளார். வாக்குக் கேட்டபின் வீடு திரும்பி, மறுநாள் கூலிவேலைக்குச் சென்று, எஞ்சிய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெண்ணைக் கண்ணகியாக்குவது, அவள் செய்த அருஞ்செயலையே மறைத்துவிடுவதாகும்.

அண்மைக்கால ஈழத்து நாவல்கள் சில இதற்கு வேறு வழி காட்டியுள்ளன. 2013ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ வன்னியின் இறுதிப்போரை இடம்பெயரும் பெண்ணொருத்தியின் பார்வையிலே கூறுகிறது. அடுப்பு மூட்டுவதும், பதுங்குகுழி வெட்டுவதும், பிள்ளைகளுக்கு உணவு தேடுவதும் அங்குப் போரின் பின்னணியாகவன்றிப் போரின் உள்ளடக்கமாகவே அமைகின்றன. இந்நாவலின் வலிமை அனுபவத்தின் அண்மையினால் வந்தது. அதன் வரையறையும் அதுவே. கண்டவர் எழுதும் கதை சாட்சியத்துக்கு நெருங்கியது. காணாத தலைமுறை எழுதும்போதே வரலாற்று நாவலின் பொறுப்பு முழுமையாகத் தொடங்குகிறது.

அப்பொறுப்பு இருவகைப்பட்டது. அறியப்பட்டதை மாற்றாதிருத்தல் ஒன்று: நாளும் எண்ணும் இடமும் கற்பனைக்கு உட்பட்டவையல்ல, உயிருடனிருக்கும் ஒரு தாயின் வாக்குமூலம் எவருடைய கதைக்கும் கச்சாப்பொருளன்று. அறியப்படாததை வெறுமையாக விட்டுவிடாதிருத்தல் மற்றொன்று: அரிசி எங்கிருந்து வந்தது, இரவில் எவர் விழித்திருந்தார், அழுத பின் என்ன செய்தனர் என்பவற்றைக் கேட்டும் கற்றும் நிரப்புதல் எழுத்தாளர் கடமை.

நாகபட்டினம் சென்ற செவிலியின் நாவல் இன்னும் எழுதப்படவில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தபின் அவள் பெயரைக் கண்டுபிடிக்க இயலாது. வந்தாறுமூலையின் தாய்மாருக்குப் பெயர்கள் உண்டு. அவர்களிற் பலர் இன்னும் பேசக்கூடியவராகவும் உள்ளனர். அவர்களும் பெயரற்ற செவிலியராகும் வரை காத்திருந்து, பின்னர் அவர்களைச் சின்னமாக்கி எழுதுவதே தமிழ் வரலாற்று நாவலின் மரபாகிவிடலாகாது.