நிகிதாவின் அகம்: ஜார்ஜ் சாண்டர்ஸின் வாசிப்பு முறையும் படைப்பும்

முன்னுரை

ஒரு கதையில் அறம் சார்ந்த குறை தென்படுமாயின், அதனை விடாது ஆராயும்போது அது உத்தி சார்ந்த குறையாகவே வெளிப்படும் என்பது அமெரிக்க எழுத்தாளரும் ஆசிரியருமான ஜார்ஜ் சாண்டர்ஸின் கருத்தாகும். ஒரு படைப்பை இனவெறி உடையது, பெண்ணை இழிவுசெய்வது என்று கண்டித்து நிறுத்துவதைவிட, எந்த இடத்தில் எந்த மாந்தரின் அகத்தைக் காண ஆசிரியர் தவறினார் என்று வினவுவதே அவருக்குப் பயனுடையதாகப் படுகிறது. இக்கருத்து எதுவரை செல்லும் என்பதை அவருடைய வகுப்பறை நூலையும் நாவலையும் அருகருகே வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பொறியியலிலிருந்து வகுப்பறைக்கு

1958-இல் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோவில் பிறந்த சாண்டர்ஸ், கொலராடோ சுரங்கவியல் கல்லூரியில் புவி இயற்பியல் பொறியியல் பயின்று, சுமத்ராவில் எண்ணெய் வளம் தேடும் குழுவொன்றில் பணியாற்றினார். பின்னர் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் உல்ஃபிடம் படைப்பெழுத்துப் பயின்று 1988-இல் பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் ரோசெஸ்டர் நகரின் சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனமொன்றில் தொழில்நுட்ப அறிக்கைகள் எழுதுவதிலேயே கழிந்தன. எர்னெஸ்ட் ஹெமிங்வேயைப் பின்பற்ற முயன்றதையும், பெரிய நாவலொன்றை எழுதிக் கைவிட்டதையும் அவர் மறைப்பதில்லை. அலுவலகத்தில் பொழுதுபோகாமல் எழுதிய வேடிக்கைப் பாக்களைப் படித்து மனைவி வாய்விட்டுச் சிரித்ததே தமக்குரிய நடையைக் காட்டித் தந்தது என்பது அவர் கூற்று. 1996-இல் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. 1997 முதல் தாம் பயின்ற சிரக்கியூஸிலேயே அவர் கற்பித்து வருகிறார். பெற்ற விருதுகள் பல. அவற்றின் பட்டியல் இங்குத் தேவையில்லை.

அவ்வகுப்பில் இருபது ஆண்டுகள் கற்பித்த உருசியச் சிறுகதைகளே ‘எ ஸ்விம் இன் எ பாண்ட் இன் த ரெய்ன்’ (2021) என்னும் நூலுக்கு அடிப்படை. செகாவ், துர்கனேவ், டால்ஸ்டாய், கோகோல் ஆகிய நால்வரின் ஏழு கதைகள் அதில் முழுமையாக இடம்பெறுகின்றன. வாசிப்பவரின் நெற்றியில் ஒரு மானி பொருத்தப்பட்டிருப்பதாகவும், ஒவ்வொரு வரிக்கும் அதன் முள் விருப்பின் பக்கமோ வெறுப்பின் பக்கமோ அசைவதாகவும் அவர் கற்பனை செய்கிறார். தம் வரிகளையும் அம்முள்ளைப் பார்த்தே மீண்டும் மீண்டும் திருத்துவதாகக் கூறுகிறார். பொறியாளரின் பழக்கம் இதில் வெளிப்படை.

மானி காட்டாதவை

செகாவின் ‘வண்டியில்’ (1897) கதையைச் சாண்டர்ஸ் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கமாகவே வாசகருக்குத் தருகிறார். பதின்மூன்று ஆண்டுகளாகச் சிற்றூர்ப் பள்ளியில் கற்பிக்கும் மரியா, நகரில் தன் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு வண்டியில் திரும்புகிறாள். வழியில் நிலவுடைமையாளரான ஹானோவ் எதிர்ப்படுகிறார். உடனே வாசகர் மனத்தில் ஒரு காதல் கதை உருவாகத் தொடங்குகிறது. செகாவ் அதனைத் தர மறுக்கிறார். இந்த மறுப்பினால் கதை எவ்வாறு உயர்கிறது என்பதைச் சாண்டர்ஸ் அளவுக்குத் தெளிவாக விளக்கியவர்கள் குறைவு.

ஆயினும் மாதம் இருபத்தொரு ரூபிள் ஊதியமும், பள்ளிக்கான விறகுக் கவலையும், அடங்காத காவலாளியும், அவனைப் பற்றி முறையிடச் சென்றாலும் பயன் கிட்டாத அலைச்சலும் எந்த நிர்வாக அமைப்பின் விளைவு என்னும் வினா அம்மானியில் பதிவாவதில்லை. 1864-இல் உருவான செம்ஸ்துவோ என்னும் உள்ளாட்சி மன்ற முறை அறியப்படாதபோது, மரியாவின் தனிமை மனநிலையாக மட்டுமே எஞ்சிவிடும். தாம் உருசிய மொழி அறியாதவர் என்பதைச் சாண்டர்ஸே ஒப்புக்கொள்கிறார். ‘அல்யோஷா’ கதைக்கு வரும்போது ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றை ஒப்பிட்டு, ஒரு சொல் மாறினால் முடிவின் பொருளே மாறுவதையும் காட்டுகிறார். இந்த நேர்மை பாராட்டுக்குரியது. எனினும் மொழி குறித்து எழுந்த ஐயம் வரலாறு குறித்து எழவில்லை.

எஜமானனும் பணியாளும்

இக்குறைக்கு மாறாக, அவருடைய முறை தன் எல்லையைத் தானே கடக்கும் இடமும் உண்டு. டால்ஸ்டாயின் ‘எஜமானனும் பணியாளும்’ (1895) கதையில், பேராசை கொண்ட வணிகன் வசீலி பனிப்புயலில் சிக்கித் தன் பணியாள் நிகிதாவின்மேல் படுத்து அவனுக்கு வெப்பமூட்டி இறக்கிறான். வசீலியின் மனமாற்றத்தை டால்ஸ்டாய் உள்ளிருந்து எழுதுகிறார். உயிர் பிழைத்துப் பல ஆண்டுகள் கழித்து இறக்கும் நிகிதாவையோ வெளியிலிருந்து பார்த்தே முடிக்கிறார். எஜமானனுக்குக் கிடைத்த அகம் பணியாளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று சாண்டர்ஸ் வினவுகிறார். அம்மௌனம் டால்ஸ்டாய் வேண்டுமென்றே காட்டிய அடக்கம் எனவும் வாதிடலாம். ஆனால் இரு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது சாண்டர்ஸின் பக்கமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. பண்ணையடிமை முறை 1861-இல் ஒழிந்த பின்னரும் ஒரு பிரபுவின் பார்வையில் அது எஞ்சியிருந்த விதத்தை, அம்முறையின் பெயரையே நாடாமல், வரிகளைக் கொண்டே இவ்வாசிப்பு பிடித்துவிடுகிறது. எங்கே தவறினார் என்பதற்கு விடை கிடைக்கிறது. ஏன் தவறினார் என்பதற்கு வாசகர் வேறு நூல்களை நாட வேண்டும்.

நாவலில் அதே வினா

மேன் புக்கர் பரிசு பெற்ற ‘லிங்கன் இன் த பார்டோ’ (2017) இந்நூலுக்கு முற்பட்டதாயினும், இதே வினாவை அந்நாவலிடமும் எழுப்ப வேண்டும். 1862 பிப்ரவரியில், பதினொரு வயது மகன் வில்லியை இழந்த ஆபிரகாம் லிங்கன் இரவில் ஓக் ஹில் இடுகாட்டுக்கு வருகிறார். கதையைச் சொல்பவர்கள் அங்கு அலையும் இறந்தோர். உண்மையும் கற்பனையுமான வரலாற்று மேற்கோள்கள் இடையிடையே வருகின்றன. வேலிக்கு அப்பால் பொதுக்குழியில் புதைக்கப்பட்ட கறுப்பின மக்கள் கதையில் தாமதமாகவே நுழைகின்றனர். அவர்களுள் லிட்ஸி என்னும் இளம்பெண், தனக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமைகளால் பேச்சிழந்தவள். அவள் பேச வேண்டிய இடத்தில் உடுக்குறிகள் மட்டுமே அச்சாகியுள்ளன. அவளுக்காக மற்றொரு கறுப்பினப் பெண் பேசுகிறாள். நிகிதாவுக்கு நேர்ந்ததுபோல் இங்கு அகம் மறக்கப்படவில்லை. அது பறிக்கப்பட்டது என்பதைப் பக்கத்தின் வெறுமையே காட்டுகிறது. நாவலின் மிக வலிய உத்தி இதுவே எனலாம்.

தாமஸ் ஹேவன்ஸ் என்னும் அடிமையின் ஆவியிடத்து ஐயம் மீள்கிறது. இடுகாட்டை விட்டு நீங்கும் லிங்கனின் உடலுக்குள் அவர் புகுந்து, அவருடனேயே குதிரையில் செல்கிறார். நாவலின் இறுதிக் குரலும் அவருடையதே. டால்ஸ்டாய் நிகிதாவுக்குத் தராததைச் சாண்டர்ஸ் ஹேவன்ஸுக்குத் தந்திருக்கிறார். ஆனால் அக்குரல் ஒலிப்பது குடியரசுத் தலைவரின் உடலுக்குள்ளிருந்து. விடுதலைப் பிரகடனத்தை நோக்கிச் செல்லும் அந்த உடலின் போக்கிலேயே ஹேவன்ஸின் வேட்கையும் நிறைவு தேடுகிறது.