முதுகில் எழுதிய வானம்

புதுக்கவிதையில் வானம் மலிந்துவிட்டது. விரிகிறது, அழைக்கிறது, மௌனிக்கிறது. எந்த ஊர் வானம் என்று கேட்டால் மட்டும் கவிதையிடம் பதில் இல்லை. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். வானம் எங்கும் ஒன்றல்ல. சில இடங்களில் அது நம்மை அண்ணாந்து நிற்கவைப்பதற்குக் காரணங்கள் உண்டு.

மொழியியலாளர் சொஸ்யூரின் கொள்ளுத்தாத்தா 1787இல் மோன் பிளான் சிகரத்துக்கு ஏறியபோது, நீலத்தின் பல சாயல்களைத் தீட்டிய காகிதங்களைக் கொண்டுபோய் வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மேலே போகப்போக நீலம் கருக்கிறது. தலைக்குமேல் காற்று குறைவு, தூசும் ஈரமும் குறைவு. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. தூசும் ஈரத்துளிகளும் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றாகச் சிதறடித்து வானத்தை வெளுத்துவிடுகின்றன. லடாக்கின் வானம் கருநீலமாகவும் சென்னைக் கடற்கரையின் நண்பகல் வானம் வெளிறியும் இருப்பது இதனால்தான்.

காற்று மட்டுமல்ல, தரையும் காரணம். டச்சு ஓவியர் ராய்ஸ்டால் 1670களில் ஹார்லெம் நகரைத் தூரத்திலிருந்து வரைந்தபோது, சித்திரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மேகங்களுக்கே கொடுத்தார். தட்டை நிலம், தாழ்ந்த தொடுவானம், அதற்குமேல் சிறிதாக எழும் தேவாலயம். அந்தத் தேவாலயம் இல்லாவிட்டால் வானத்தின் அளவு நமக்குப் பிடிபடாது.

அப்படியானால் ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள்? 1821, 1822இல் ஹாம்ஸ்டெட்டில் அவர் தீட்டிய மேகச் சித்திரங்கள் பலவற்றில் தரையே கிடையாது. நம் கவிஞர்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கக்கூடியவை. ஆனால் அவற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பலவற்றின் முதுகில் தேதி, நேரம், காற்றின் திசை என்று குறித்து வைத்திருக்கிறார். முன்பக்கத்தில் விட்டுவிட்ட தரை பின்பக்கத்தில் இருக்கிறது.

கவிதை வானிலை அறிக்கை அல்ல என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்தக் குறிப்பு வாசகனுக்குத் தெரிய வேண்டியதில்லை. எழுதியவனிடம் இருந்தாக வேண்டும். இருந்தால் ஒரு வினைச்சொல்லிலாவது அது கசியும். இல்லையென்றால் வானம், அடைமொழிகளை மாட்டிவைக்க ஓர் ஆணி, அவ்வளவுதான்.

இதை எழுதுமுன் வானம் வரும் என் கவிதைகள் ஏழை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டுக்குத்தான் ஊரும் நேரமும் நினைவிலிருந்தன. மற்ற ஐந்திலும் வானத்தை அடித்துவிட்டேன். கவிதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வருத்தம்.