ராமஸ்ஸினியின் 'தொழிலாளர் நோய்கள்'

'என்ன தொழில் செய்கிறாய்?' என்று நோயாளியைக் கேட்கும்படி மருத்துவர்களை வற்புறுத்திய நூலை அறிவீர்களா? இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் லத்தீனில் வெளியிட்டது.

அவர் வீட்டு மலக்குழியில் இறங்கியவர் அவசர அவசரமாக வேலை செய்தார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடுமாம். அதுவே நூலுக்கு வித்து. இவர்கள் பையிலுள்ள செப்புக் காசு கறுப்பதையும் ராமஸ்ஸினி கவனித்தார். அபாரமான கவனிப்பு! ஆவியாகும் அமிலம் என்ற ஊகமும் பாதி சரியே. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு.

காப்புதான் குறை. முகத்தில் ஒளி ஊடுருவும் சிறுநீர்ப்பையைக் கட்டச் சொல்கிறார். மூச்சில் ஏறினால் உயிரையே வாங்கும் வாயு ஆயிற்றே! மேலே காவலுக்கு ஆள் வேண்டும். முதலாளி இல்லாதவருக்கு யார் நிறுத்துவது? 1833-இல் பிரிட்டனில் நியமிக்கப்பட்ட தொழிற்சாலை ஆய்வாளர்களும் நூலாலைகளுக்குத்தான் போனார்கள்.