மணவீட்டின் மௌன சாட்சி

மன்னார்த் தீவிலே, பேசாலைத் தேவாலயத்தில் நடைபெறும் ஒரு விவாகத்தில், மணமக்களை நிறுத்திவைத்துச் சிரிக்கச் சொல்லாமல், தாமாக நிகழ்வனவற்றை அவற்றின் போக்கிலேயே படம்பிடிக்கும் கலைஞரின் தொழில் என் உள்ளத்துக்கு மிகவும் உவப்பானது. ஆலய முன்றிலில் சோளகக் காற்று முக்காட்டை இழுக்க, அதனை ஒரு கையால் பற்றியபடியே, மறுகையால் தகப்பனாரின் சால்வையை மணமகள் சரிசெய்கிறாளே, அந்தக் க்ஷணத்தை மீண்டும் நடித்துக் காட்டச் சொன்னால், சால்வை இருக்கும், வாஞ்சை இராது.

1925இல் லைக்கா என்னும் சிறிய காமிரா விற்பனைக்கு வந்தபின் இவ்வித்தை எளிதாயிற்று. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், அதன் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்து, பிளாஷ் வெளிச்சத்தையும் தவிர்த்து, எவர் கவனத்தையும் ஈர்க்காமல் நடமாடினார். 1952இல் வெளிவந்த அவருடைய நூலே இம்மார்க்கத்துக்கு ஆதார கிரந்தம்.

மன்னாரின் உச்சி வெயிலோ கண்குழிகளில் கருநிழலை நிரப்பிவிடும். ஆதலால், விஷயம் அறிந்தவர் வாசல் நிழலில் ஒதுங்கி, வெண்மணலிற் பட்டுத் திரும்பும் மெல்லொளி முகங்களில் படியும் வரை பொறுமையோடு காத்திருப்பார்.

மணவீட்டார்களே, அவரை அவசரப்படுத்தாதீர்கள். "இங்கே பாருங்கள்" என்று எவரையும் அழைக்கும்படி அவரிடம் கேளாதீர்கள்.