நோமாட் விசா: 182 நாள் கணக்கும் ஒரு கொழும்புச் செட்டியார் வழக்கும்

டிஜிட்டல் நோமாட் விசா பற்றி வரும் வழிகாட்டிகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். அலுவலகத்தில் என்னைவிட இளைய இரண்டு பேர், "சம்பளம் மதுரைக் கணக்குலயே விழட்டும், நாங்க ஒரு வருஷம் கோலாலம்பூர்ல உக்காந்து வேலை பாக்குறோம்ணே" என்று தயாராக இருக்கிறார்கள். ஒருவர் வாடகை வீடே பேசிவிட்டார். அவர்கள் அனுப்பிய சுட்டிகளில்தான் ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. எல்லாக் கட்டுரைகளும் விமான நிலையத்தின் குடியேற்றக் கவுண்ட்டரைத் தாண்டியதும் முடிந்துவிடுகின்றன.

அவற்றில் வரும் எண்கள் பெரும்பாலும் சரிதான். எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியது. பார்படோஸ் அதே வருஷம் ஆண்டு வருமானம் 50,000 டாலர் கேட்டது. அமீரகம் மாதம் 3,500 டாலர். மலேசியாவின் டிஇ ரன்தாவ் 2022-இல் வந்தது. மென்பொருள் ஆட்களுக்கு ஆண்டுக்கு 24,000 டாலர், 3 முதல் 12 மாதம், மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். தாய்லாந்தின் டிடிவி 2024 ஜூலையில். வங்கியில் 5 லட்சம் பாட் காட்டினால் போதும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் மலேசியாவுக்கு 20 லட்சம், அமீரகத்துக்கு 35 லட்சத்துக்கு மேல். மதுரையில் இருந்துகொண்டு எத்தனை பேர் அவ்வளவு வாங்குகிறார்கள் என்ற கேள்வியை ஒரு வீடியோகூடக் கேட்கவில்லை. ஜப்பானை "புது வாய்ப்பு" என்று புகழ்கிற வீடியோக்கள் அதைவிட மோசம். 2024 மார்ச்சில் வந்த அந்த ஆறு மாத அனுமதிக்கு ஒரு கோடி யென் வருமானம் வேண்டும். அதையும் விடுங்கள், விசா இல்லாமலே ஜப்பானுக்குள் போக முடிகிற நாட்டுக்காரர்களுக்குத்தான் அது. இந்தியா அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இந்த விசாக்கள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டன என்பது அதிலேயே தெரிகிறது. அமெரிக்க, ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்கள் சுற்றுலா அனுமதியில் வந்து காபிக் கடையில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து காசும் பார்க்க அரசுகள் செய்த ஏற்பாடு இது. "டிஜிட்டல் நோமாட்" என்ற சொல்லைப் பரப்பிய 1997 புத்தகத்தை எழுதியவர்கள், ஹிட்டாச்சியில் சிப் செய்துகொண்டிருந்த சுகியோ மகிமோட்டோவும் மின்னணுத் துறைப் பத்திரிகையாளர் டேவிட் மேனர்ஸும். கருவி எவ்வளவு சுருங்கும் என்பதில் அவர்கள் கணிப்பு நன்றாகவே பலித்தது. வருமான வரி அலுவலகம் மட்டும் சுருங்கவில்லை.

விசா என்பது குடியேற்றத் துறை தரும் அனுமதி. "இங்கே தங்கிக்கொள், உள்ளூர் வேலையில் கை வைக்காதே" என்பதோடு அது முடிந்தது. நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று வரித்துறை பெரிதாகக் கவலைப்படுவதில்லை, அது நாள்களை எண்ணுகிறது. தாய்லாந்தைப் பாருங்கள்: டிடிவி ஒரு நுழைவுக்கு 180 நாள் தருகிறது. அதே நாட்டு வரிச் சட்டப்படி ஒரு காலண்டர் வருஷத்தில் 180 நாள் இருந்தால் நீங்கள் வரிக்கு அந்த நாட்டு வாசி. கொடுத்ததை முழுசாகப் பயன்படுத்தினால் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள்.

மலேசியாவுக்கு வருவோம். அங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர், நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். இரண்டுக்கும் எல்லை 182 நாள்தான், ஆனால் இரண்டு கவுண்ட்டரும் வேறு வேறு தேதியில் பூஜ்யத்துக்குத் திரும்புகின்றன. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். ஒருவர் 2024 அக்டோபர் 1 கிளம்பி 2025 செப்டம்பர் 30 இரவு ஊர் திரும்புகிறார் என்று வையுங்கள். 2024-25 நிதியாண்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள் இந்தியாவில் இருந்திருக்கிறார். 2025-26-இல் அக்டோபர் முதல் மார்ச் வரை 182. ஒரு முழு வருஷம் வெளிநாட்டில் இருந்தும் இரண்டு ஆண்டும் அவர் இந்தியவாசியே. மலேசியாவிலோ 2025-இல் 270 நாளுக்கு மேல் இருந்திருக்கிறார், அங்கேயும் வாசி. இரண்டு நாடும் உரிமை கோரும்போது வரி ஒப்பந்தம் பார்ப்பது நிரந்தர வீடு எங்கே, குடும்பம் எங்கே என்பதை. மனைவி, பிள்ளைகள் பசுமலையில் இருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஜூலையில் கிளம்பலாமே? கணக்குப்படி நல்ல யோசனை, ஆனால் 182 என்ற எல்லையே எல்லோருக்கும் கிடைக்காது. பொதுவிதி இன்னும் கடுமையானது: அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இங்கே இருந்தாலே இந்தியவாசி. வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்பும் குடிமகனுக்குத்தான், கிளம்புகிற ஆண்டில் அந்த 60 நாள் 182 ஆகிறது. அதே கம்பெனி, அதே வேலை, நாற்காலி மட்டும் கோலாலம்பூரில் என்றால் அது "வெளிநாட்டு வேலை" ஆகுமா? வாதத்துக்குரிய இடம். பத்து நிமிட வீடியோ ஒன்றிலும் இந்தக் கேள்வியை நான் காணவில்லை.

இன்னொன்று, சம்பளம் எங்கே விழுகிறது என்பது. மலேசியச் சட்டப்படி, அங்கே உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம் அங்கே கிடைத்த வருமானம். பணம் எந்த ஊர் வங்கிக்குப் போனாலும் சரி. நம் சட்டமோ, வெளிநாடுவாசியே ஆனாலும், இந்தியாவில் கைக்கு வந்த வருமானத்துக்கு வரி போடுகிறது. "மதுரைக் கணக்குலயே விழட்டும்" என்ற வாக்கியத்தில் இரண்டு நாட்டு வரியும் இருக்கிறது. ஒப்பந்தத்தின்படி நிவாரணம் உண்டு. அதற்கு மலேசியாவில் வரிக்கணக்கு திறந்து, கட்டி, சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. செட்டிநாட்டு நிறுவனங்களின் ஏஜெண்டுகள் மூன்று வருஷக் கணக்கில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் உட்கார்ந்து, முதலாளியைக் காரைக்குடிப் பக்கம் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அந்த உலகத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது: சுப்பய்யா செட்டியார் எதிர் சென்னை வருமான வரி ஆணையர், 1950 டிசம்பர் தீர்ப்பு. குடும்பத்தோடு கொழும்பில் வாழ்ந்தவர், தொழிலும் அங்கேதான். 1942 ஏப்ரலில் முடிந்த கணக்கு ஆண்டில் ஏழு தடவை இந்தியா வந்து மொத்தம் 101 நாள் இருந்தார். வந்த இடத்தில் நில வழக்குகளைப் பார்த்தார், இரண்டு கூட்டு வியாபாரம் தொடங்கினார். அன்றைய 1922 சட்டப்படி கூட்டுக் குடும்பத்துக்கு நாள் கணக்கு முக்கியமில்லை. குடும்ப விவகாரங்களின் நிர்வாகமும் கட்டுப்பாடும் முழுக்க வெளிநாட்டில் இருந்தால்தான் அது வெளிநாட்டுவாசிக் குடும்பம். "முழுக்க" என்பதை நிரூபிக்கும் பாரம் குடும்பத் தலைவர் மேல். அவரால் அதை நிரூபிக்க முடியவில்லை, தோற்றார்.

கொழும்பில் வருஷக்கணக்கில் வாழ்ந்தவருக்கே நிலைமை இதுதான். தனிநபருக்கான விதி வேறு என்பது உண்மை. ஆனால் வரி அதிகாரி உங்கள் ஸ்டிக்கரைப் பார்க்கமாட்டார், நீங்கள் வந்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார் என்பதை இந்தத் தீர்ப்பு சொல்வதுபோல் ஒரு வழிகாட்டியும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் முத்திரைகள், வாடகை ஒப்பந்தம், கூட்டங்களின் பதிவு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துவைப்பது நல்லது.

கம்பெனி பக்கம் சுருக்கமாக. ஒரு ஊழியர் வேறு நாட்டில் நிலையாக உட்கார்ந்தால், கம்பெனிக்கே அங்கே நிலையான தொழிலிடம் உண்டு என்று அந்நாடு வாதிடலாம். பல வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் தரவை எந்த நாட்டிலிருந்து தொடலாம் என்று எழுதியிருக்கும். மேனேஜர் வாட்ஸப்பில் அனுப்பும் "ஓகே" இதற்கெல்லாம் செல்லாது. எழுத்தில் வாங்கணும்.

மறுபக்கம், நம் நாட்டுக்கு வருகிறவர்களுக்கு என்ன இருக்கிறது? 1812-இல் கல்கத்தாவில் வந்து இறங்கிய ஜட்சன் குழு அமெரிக்க மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேறச் சொன்னது. 1834-இல் அதே பாஸ்டன் சபையின் ஆட்கள் யாழ்ப்பாணம் வழியாக மதுரைக்கு வந்தார்கள். 1845-இல் செமினரி பசுமலைக்கு வந்தது. தலைமையகம் பாஸ்டன், வேலை பசுமலை. இன்று இந்தியாவில் மிஷனரிக்குத் தனி விசா உண்டு, பத்திரிகையாளருக்கு உண்டு, சினிமா எடுக்க உண்டு, மலையேற உண்டு. பாஸ்டனில் சம்பளம் வாங்கிக்கொண்டு பசுமலையில் லேப்டாப் தட்டுகிறவருக்கு மட்டும் இல்லை. வேலை விசா இங்கே ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டால்தான், அதுவும் பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு மேல். எனவே அவர் சுற்றுலா விசாவில் வருவார், நம் ஊர் ஓட்டல் வைஃபையில் வேலை பார்ப்பார், யாரும் கேட்கமாட்டார்கள்.