தவிப்பை மூடி மறைக்காத நம்பிக்கை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்க ஆராதனையில் இருந்தேன். 23 வயது மகனை இழந்த தாய், பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி குரலே எழும்பாமல் அழுதுகொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ, "என்ன பாவமோ, இப்படி ஆயிடுச்சு" என்று முணுமுணுத்தார்கள். ஊழியர் ரோமர் 8:18ஐ வாசித்தார். இக்காலத்துப் பாடுகளை வரப்போகும் மகிமையோடு ஒப்பிடவே முடியாது என்று பவுல் சொல்லும் இடம் அது. வாசித்து முடித்தவர், "அழக்கூடாதும்மா, நாம விசுவாசிகள்" என்றார். அந்த அம்மா விளிம்பிலிருந்து கையை எடுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த வசனம் அவரை ஆற்றியதா, அவர் வாயை அடைத்ததா? வரப்போகும் மகிமை என்ற கிறிஸ்தவ நம்பிக்கையை இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு அந்த ஒரு வசனம் போதாது, அதிகாரம் முழுவதும் வேண்டும்.

பவுல் இந்த நிருபத்தை கி.பி. 57 வாக்கில் கொரிந்துவில் இருந்தபோது எழுதினார். எட்டாம் அதிகாரம் கிரேக்க மூலத்தில் ஒரு மறுப்புச் சொல்லோடுதான் தொடங்குகிறது: ஆக்கினைத்தீர்ப்பு எதுவும் இல்லை. 'இல்லை' முதலில் காதில் விழுகிறது. யாருக்கு என்பது பிறகு வருகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த வரிசை தலைகீழாகிறது. அதோடு, நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் இன்னொரு தொடரும் இருக்கிறது: மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படி நடப்பவர்களுக்கே இது என்ற வரையறை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியிலும், சினாய் சுவடியை முதலில் எழுதிய கையிலும் இந்தத் தொடர் முதல் வசனத்தில் இல்லை. நான்காம் வசனத்தில் முறையாக இடம்பெறும் சொற்கள் பிற்காலப் பிரதிகளில் முதல் வசனத்துக்கும் ஏறிவிட்டன. 1995இல் வந்த திருவிவிலியம் அதை விட்டுவிட்டது சரியான முடிவு.

இதைச் சுவடி ஆராய்ச்சியாளரின் நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. பழைய வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கு விடுதலை ஒரு நிபந்தனைக்குப் பின்னால் நிற்கிறது. நான் ஆவியின்படி நடக்கிறேனா என்று தன்னையே துருவிக்கொண்டிருப்பவர், துன்பம் வந்ததும் அதைத் தண்டனையாகவே வாசிப்பார். பின்வரிசை முணுமுணுப்புக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் விடுதலை மலிவாகிவிடாதா என்ற எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பவுலின் பதில் மூன்றாம் வசனத்தில் இருக்கிறது. தேவன் பாவத்தையே ஆக்கினைக்குள்ளாகத் தீர்த்தார் என்கிறார். முதல் வசனத்துச் சொல்லோடு ஒரே வேரிலிருந்து வரும் வினை இது. தீர்ப்பு காற்றில் கரைந்துவிடவில்லை, பாவத்தின்மேல் விழுந்தது. நான்காம் வசனத்தின் நடத்தை அந்த விடுதலையின் விளைவாக வருகிறது. நடத்தையை வாசற்படியாக வைத்தால் வாதத்தின் வரிசையே குலைந்துவிடும்.

இனி மகிமை. மதத்தை அபினுக்கு ஒப்பிட்டுக் கார்ல் மார்க்ஸ் எழுதியது 1844இல் வெளிவந்தது. மறுமையைக் காட்டி இம்மையின் வலியை மரத்துப்போகச் செய்கிறது என்ற அந்தக் குற்றச்சாட்டு, நான் பார்த்த அடக்க ஆராதனைக்கு அப்படியே பொருந்தும். ரோமர் எட்டுக்குப் பொருந்துமா? பதினெட்டாம் வசனத்தைத் தாண்டியதும் பவுல் மகிமையை வருணிக்கவில்லை. பொன் வீதி இல்லை, முத்து வாசல் இல்லை. வருவது தவிப்பு. சிருஷ்டி தவிக்கிறது (22), ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் தவிக்கிறோம் (23), ஆவியானவரும் தவிக்கிறார் (26). கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே வேர்ச்சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதல் இரண்டை 'தவிப்பு' என்றும் மூன்றாவதைப் 'பெருமூச்சு' என்றும் பிரித்துவிட்டதால், நம் காதுக்கு அந்தத் தொடர்ச்சி கேட்பதில்லை. மயக்க மருந்து தவிப்பை அடக்கும். இங்கோ தவிப்பு சிருஷ்டியில் தொடங்கி தேவ ஆவியானவர் வரை ஏறிப் போகிறது.

முப்பத்தைந்தாம் வசனமும் முக்கியம். உபத்திரவம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று பவுல் அடுக்குகிறார். இவையெல்லாம் ஆக்கினைத்தீர்ப்பு இல்லாதவர்களுக்கு வருபவை. ஆகவே துன்பம் தீர்ப்பு ஆகாது. அதிகாரத்தின் தொடக்கமும் முடிவும் கைகோத்துச் சொல்வது இதைத்தான். குற்றவாளி என்ற பழியில்லாமல் அழ மனிதருக்கு இது உரிமை தருகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. சிருஷ்டி ஏன் மாயைக்குக் கீழ்ப்படுத்தப்பட்டது என்பதற்கு இருபதாம் வசனம், கீழ்ப்படுத்தினவராலே என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. மகனை இழந்த தாய்க்கு அது போதாது. முப்பதாம் வசனம் மகிமையை இறந்தகாலத்தில், நடந்து முடிந்ததாகவே பேசுகிறது. அது விசுவாச அறிக்கை. நிரூபணம் என்று அதைக் கொள்ள முடியாது.

பதினெட்டாம் வசனத்தின் வினை கணக்குப் பார்த்து முடிவுகட்டுவதைக் குறிக்கும். அந்தக் கணக்கைப் போட்டவர், ஐந்து முறை ஒன்று குறைய நாற்பதடியும் மூன்று முறை மிலாறடியும் பட்டதாகக் கொரிந்தியருக்கு எழுதியவர். தன் காயத்தை ஒரு தட்டில் வைத்துத்தான் எடைபோட்டார். அடுத்தவரின் காயத்தை எடைபோட்டு, இது லேசானது என்று சொல்லும் அதிகாரத்தை அந்த வசனம் யாருக்கும் கொடுக்கவில்லை.

எனவே என் முடிவு இது: ரோமர் எட்டின் நம்பிக்கை குற்றச்சாட்டைத் தாங்கி நிற்கிறது, ஆனால் முழு அதிகாரமாக மட்டுமே. முதல் வசனத்தையும் மூன்று தவிப்புகளையும் கழித்துவிட்டுப் பதினெட்டை மட்டும் உருவி எடுத்தால், மார்க்ஸ் சொன்னதே சரியாகிவிடும்.

அன்று அந்த ஊழியர் இன்னும் எட்டு வசனம் வாசித்திருக்கலாம். என்ன வேண்டுவதென்றே தெரியாத நேரத்தில் ஆவியானவர் வாக்குக்கு அடங்காமல் தவிக்கிறார் என்ற வசனம் வந்திருக்கும். அந்த அம்மா விளிம்பிலிருந்து கையை எடுத்திருக்க வேண்டியதில்லை.